மழை நாளில் நூத்தைம்பது சிசி

கோவையில் பைக் ரேஸ் இருக்கும் வாரக் கடைசியில் பேடக்கில், அதாவது ட்ராக்கை ஒட்டி வண்டிகளைத் தயார் செய்கிற இடத்தில், நிற்பவர்கள் எல்லோரும் ஒரே திசையைத்தான் பார்ப்பார்கள். மேற்கே, வாளையாறு பக்கம். அங்கே வானம் கருக்க ஆரம்பித்தால் இங்கே முகங்கள் கருக்கும். தென்னைக்கும் சோளத்துக்கும் மழை வராதா என்று காட்டுக்காரர்கள் ஏங்குகிற சீமை இது. இங்கே உட்கார்ந்துகொண்டு மழை வேண்டாம் என்று சாமி கும்பிடுவது ரேஸ்காரர்கள் கூட்டம் ஒன்றுதான். (ஈரோட்டில் மஞ்சள் காயப்போட்டவர்களும் கும்பிடுவார்கள். அவர்களுக்கு நியாயமான காரணம் இருக்கிறது, விட்டுவிடலாம்.)

நான் அந்தக் கும்பிடுகிற கூட்டத்தில் சேர்த்தி இல்லை. நூத்தைம்பது, நூத்தறுபது சிசி வண்டிகளுக்கு மழை நாள்தான் நல்ல நாள் என்பது என் கட்சி. இதைச் சொன்னால் பேடக்கில் பாதிப் பேர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். அவர்கள் பார்க்கட்டும். என் பிழைப்பு பம்ப்செட் உதிரி பாகம். ரேஸ் என்பது சொந்தக் காசில், ஞாயிற்றுக்கிழமைகளில், வீட்டில் பொய் சொல்லாத அளவுக்கு மட்டும். பெரிய டீம் எதிலும் இருந்ததில்லை, அதனால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை.

முதலில் குளிரைப் பற்றி. எங்கள் ட்ராக் இருப்பது செட்டிபாளையத்தில். "குளிரா? செட்டிபாளையத்திலா?" என்று ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டியதுதான். வெடியால 18 டிகிரி வந்தாலே மப்ளரைத் தேடுகிற ஊர் எங்களுடையது. ஆனால் ரேஸ் வண்டியில் உட்காருகிறவனுக்குக் குளிர் தெர்மாமீட்டரில் இருந்து வருவதில்லை, காற்றில் இருந்தும் ஈரத்தில் இருந்தும் வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுப் பக்கம் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல் திறந்து கிடக்கிறது. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று அந்த வாசல் வழியாகத்தான் எங்கள் மேல் பாய்கிறது. பல்லடம், உடுமலை பக்கம் காற்றாலைகளை நட்டு வைத்திருப்பதும் அந்தக் காற்றை நம்பித்தான். கேரளத்தில் கொட்டித் தீர்த்த மழையின் மிச்சம் எங்களுக்குச் சாரலாக வந்து சேரும். பெய்கிறதா இல்லையா என்று ஒரு முடிவுக்கு வர முடியாத மழை. நிஜமான மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான். கோவைக்கு வருஷ மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவம் கொடுப்பது. அது கிழக்கே இருந்து வரும், பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல், இடியோடு, ஒரேயடியாக.

இரண்டில் எது மோசம் என்று கேட்டால் ஆடிச் சாரல் என்பேன். அடித்துப் பெய்கிற மழையில் தரை முழுக்க நனைந்துவிடும். நிலவரம் என்ன என்று தெரிந்து ஓட்டலாம். சாரலில் ட்ராக்கின் ஒரு மூலை நனைந்திருக்கும், இன்னொரு மூலை காய்ந்திருக்கும், போன சுற்றில் காய்ந்திருந்த இடம் இந்தச் சுற்றில் பளபளக்கும். போதாக்குறைக்குப் பக்கவாட்டுக் காற்று வேறு. நூத்திப் பத்து, நூத்திருபது கிலோ எடையுள்ள வண்டியை அது ஒரு லைனில் இருந்து இன்னொரு லைனுக்கு நகர்த்தி வைக்கும்.

தோல் சூட் நனைந்தால் என்ன ஆகிறது என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். அந்த ஈரம் காற்றில் உலர உலர உடம்புச் சூட்டைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போகும். பானைத் தண்ணீரைக் குளுமையாக்குகிற அதே சங்கதிதான், இங்கே பானை நாம். வெளியே 22 டிகிரி இருந்தாலும் நாலைந்து சுற்றில் விரல் நுனி மரத்துவிடும். ரேஸில் முன் பிரேக் என்பது ஒரு விரல், ரெண்டு விரல் வேலை. எவ்வளவு இழுத்திருக்கிறோம், டயர் தரையைப் பிடித்திருக்கிறதா, வழுக்கப் பார்க்கிறதா என்று சொல்வது அந்த விரல் நுனிதான். அது மரத்துப்போனால் கண்ணைக் கட்டிவிட்ட கணக்கு.

அதற்குக் கடையில் விலை உயர்ந்த சாமான்கள் எல்லாம் உண்டு. எங்கள் வழி வேறு. தோல் கிளவுஸுக்குள்ளே மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற மெல்லிய ரப்பர் கையுறை. சாக்ஸுக்கு மேல் பிளாஸ்டிக் கவர், அதற்கு மேல் பூட்ஸ். நெஞ்சுக்கும் சூட்டுக்கும் நடுவே பழைய செய்தித்தாள் ரெண்டு மடிப்பு. லாரி கிளீனர் பையன்களும் பால்காரர்களும் காலங்காலமாகச் செய்கிற வேலை இது. செய்தித்தாள் காற்றை உள்ளே விடாது, நனைந்தால் தூக்கி எறிந்துவிட்டு வேறு வைத்துக்கொள்ளலாம். ஹெல்மெட் வைசரின் உள்ளே மூச்சு படியாமல் இருக்கப் பின்லாக் என்கிற இரண்டாவது உள் கண்ணாடி இருந்தால் நல்லது. இல்லாதவர்கள் குளியல் சோப்பைத் தேய்த்து, துணியால் துடைத்துவிட்டு, அந்தக் கண்ணுக்குத் தெரியாத படலத்தை நம்பி ஓட்டுகிறார்கள். கொஞ்ச நேரத்துக்கு அது வேலை செய்யும். கறுப்பு வைசர் மட்டும் அன்றைக்கு வீட்டிலேயே இருக்கட்டும்.

இனி ட்ராக். கரி மோட்டார் ஸ்பீட்வே கோவைக்குத் தெற்கே செட்டிபாளையத்தில் இருக்கிறது, 2003இல் திறந்தது. சுமார் 2.1 கிலோமீட்டர். பெயர் கரிவரதன் நினைவாக. எண்பதுகளில் மாருதி இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்று ஒற்றை இருக்கை ரேஸ் காரைக் கட்டி, சாதாரண வசதிக்காரனும் ஃபார்முலா காரில் உட்காரலாம் என்று காட்டியவர் அவர். 1995இல் சின்ன விமான விபத்தில் போய்விட்டார். 2005இல் ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் இந்த ஊர்ப் பையன்தான். கார்க்காரர்களின் கதை எல்லோருக்கும் தெரியும், அது மில் முதலாளிகளின் வீட்டுக் கதை. பைக் கதை பட்டறைகளில் நடந்தது. லேத்தும் ஃபவுண்டரியும் தெருவுக்குத் தெரு இருக்கிற ஊரில் ஒரு பையனுடைய வண்டியில் பிஸ்டன் கடித்துக்கொண்டால் அப்பாவிடம் கேட்க வேண்டியதில்லை, எதிர் வீட்டுக்காரரிடம் கேட்டால் போதும். ஜி.டி. நாயுடுவே ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஹோட்டலில் சர்வர் வேலை பார்த்துக் காசு சேர்த்து அதை வாங்கி, அக்கக்காகக் கழற்றிப் பார்த்துத்தான் தொழிலைத் தொடங்கினார். கழற்றிப் பார்க்கிற புத்தி எங்கள் ஊர்த் தண்ணீரில் இருக்கிறது.

இந்த மாதிரி சின்ன ட்ராக்கில் பெரிய வண்டிக்குக் காலை நீட்ட இடம் இருக்காது. நேர்ரோட்டில் வேகம் ஏறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். சின்ன வண்டிக்குத் தைத்த சட்டை மாதிரி இருக்கும். மழை பெய்தால் அந்தச் சட்டை இன்னும் கச்சிதமாகிவிடுகிறது. ஏன் என்று கொஞ்சம் கணக்காகப் பார்க்கலாம், எனக்குக் கணக்கு பிடிக்கும்.

வளைவில் வண்டி எவ்வளவு சாய்கிறது என்பதற்கும் டயர் எவ்வளவு பிடிக்கிறது என்பதற்கும் நேரடி உறவு. வண்டியின் எடைக்குச் சமமான விசையை டயர் பக்கவாட்டில் தாங்கினால் சாய்வு 45 டிகிரி. அதில் பாதியைத்தான் தாங்கும் என்றால் 27 டிகிரிக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும். (டயர் அகலத்தையும் ஓட்டுபவர் உடம்பைத் தொங்கவிடுவதையும் இதில் சேர்க்கவில்லை.) ஆனால் வேகம் அப்படிப் பாதியாகக் குறையாது, அதன் வர்க்கமூலத்தில் குறையும். பிடிப்பு பாதியானால் வளைவில் வேகம் 70 சதவீதம் சொச்சம் மிஞ்சும். 80 கிலோமீட்டர் வேகத்தில் எடுத்த வளைவை 56, 57இல் எடுக்கலாம். மழையில் எல்லாம் போச்சு என்று நினைக்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை. பயத்தில் 40க்கு இறங்கிவிடுகிறார்கள். மிச்சமிருக்கிற பதினாறு கிலோமீட்டரில்தான் மழை ரேஸே நடக்கிறது.

வளைவை விட்டு வெளியே வரும்போது இன்னொரு கூத்து. நூறு குதிரைத்திறன் வண்டியின் ஆக்ஸிலேட்டரை நனைந்த தரையில் கால்வாசிக்கு மேல் திருக முடியாது, பின் டயர் சுழன்றுவிடும். அந்த வண்டிக்காரர் காசு கொடுத்து வாங்கிய முக்கால்வாசித் திறன் சும்மா தூங்கும். பதினேழு, பதினெட்டுக் குதிரை வண்டிக்காரன் கொஞ்சம் பொறுத்துவிட்டு முழுக்கத் திருகிவிடலாம். ஒரே சிசி வண்டிகள் ஓடுகிற வகுப்புக்குள்ளும் இதே கதைதான். இன்ஜினில் அரைக் குதிரை அதிகம் எடுக்க ஒருவர் லட்சங்களைக் கொட்டியிருப்பார். காய்ந்த நாளில் அந்த அரைக் குதிரை நேர்ரோட்டில் வண்டி நீளம், ரெண்டு வண்டி நீளம் கொடுக்கும். மழையில் அது எங்கே போனது என்றே தெரியாது. என் மாதிரி ஆளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பணம் முழுக்கத் தோற்றுவிடுகிறது என்று சொல்ல மாட்டேன். டயரில் அது திரும்ப உள்ளே நுழைந்துவிடும். ஆழமாகப் பள்ளம் வெட்டிய, மெத்தென்ற ரப்பரில் செய்த மழை டயர் வைத்திருப்பவனும் ரோட்டு டயர் வைத்திருப்பவனும் ஒரே ரேஸில் ஓடினால் அது ரேஸ் இல்லை. எல்லோரும் ஒரே டயரில் ஓட வேண்டும் என்று விதி உள்ள வகுப்புகள்தான் மழையில் பார்க்க அழகு.

பிரேக்கிலும் பழைய பாடத்தை மறக்க வேண்டியிருக்கிறது. காய்ந்த தரையில் பலமாகப் பிரேக் பிடித்தால் வண்டியின் பாரம் எல்லாம் முன்னே சாய்ந்து பின் டயர் தரையைத் தொட்டும் தொடாமலும் வரும். அதனால் பின் பிரேக்கை யாரும் சட்டை செய்வதில்லை. ஈரத்தில் அவ்வளவு பலமாகப் பிடிக்க முடியாது. பிடிக்காததால் பாரமும் அவ்வளவாக முன்னே போகாது. பின் சக்கரத்தில் பாரம் மிஞ்சி இருப்பதால் பின் பிரேக்குக்கு வேலை வந்துவிடுகிறது. பஜாரில் எக்ஸெல் ஓட்டிப் பழகிய கால் இங்கே உதவும். கியர் இறக்கும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். ஒற்றை சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக்கில் ரெண்டு கியரைத் தடதடவென்று தட்டிவிட்டுக் கிளட்சைப் பட்டென்று விட்டால், இன்ஜினே பின் பிரேக்காகிச் சக்கரம் ஒரு நொடி நின்றுவிடும். சக்கரம் பூட்டாமல் தானே கொஞ்சம் வழுக்கிக்கொடுக்கிற ஸ்லிப்பர் கிளட்ச் வந்த வண்டிகளில் இந்தத் தொல்லை குறைந்திருக்கிறது. பழைய வண்டியில் கிளட்சை மெதுவாக விடுவது கையின் வேலை.

சிங்காநல்லூரில் பட்டறை வைத்திருக்கிற அண்ணன் ஒருவர் எங்கள் கூட்டத்துக்கு மெக்கானிக், அப்பன், ஜோசியர் எல்லாம். அவருடைய அக்கா பையன் முதன்முறையாக மழையில் ஓட்டப் போனபோது அவர் சொன்ன யோசனை இது:

"வெசையா போற நாளு இல்ல கண்ணு இது. நலுங்காமப் போற நாளு."

"அப்ப பின்னாடி வர்றவன் முந்தமாட்டானுங்களா மாமா?"

"முந்துனா முந்தட்டும். அடுத்த வளைவுல அவனாத்தான் அக்கட்டால போய் விழுவான். நீ பாட்டுக்கு வா."

மழை ஓட்டத்தைப் பற்றி இதைவிட நல்ல வகுப்பை நான் கேட்டதில்லை. என் தொழில் பாஷையில் சொன்னால் கேட் வால்வைத் திறக்கிற மாதிரி ஆக்ஸிலேட்டரைத் திறக்க வேண்டும். ஒரேயடியாகத் திறந்தால் பைப்பில் தண்ணீர் இடித்து எங்கேயோ ஒரு ஜாயிண்ட் பிய்த்துக்கொள்ளும், திருகத் திருக விட்டால் அதே பைப் அதே தண்ணீரை ஒரு சத்தமில்லாமல் கொண்டு போகும். பிரேக்கும் அப்படி, திருப்புவதும் அப்படி, சீட்டில் உடம்பை ஒரு பக்கத்தில் இருந்து இன்னொரு பக்கம் மாற்றுவதும் அப்படி. டயர் ஒரே நேரத்தில் ரெண்டு வேலை செய்ய மறுக்கிற நாள். பிரேக் பிடிக்கிறாயா, பிடித்து முடி. அப்புறம் திரும்பு. திரும்பி நிமிர்ந்த பிறகு திருகு.

லைனும் மாறிவிடும். காய்ந்த நாளில் எல்லோரும் ஒரே தடத்தில் போய்ப் போய் டயர் ரப்பர் தேய்ந்து தாரில் அப்பிக்கொண்டிருக்கும். காய்ந்திருக்கும்வரை அது பசை மாதிரி பிடிக்கும். நனைந்தால் அதே இடம் எண்ணெய்ச் சட்டி. அதனால் மழையில் தெரிந்தவர்கள் வழக்கமான தடத்தை விட்டு விலகி, யாரும் போகாத, சொரசொரப்பான வெளிப்பக்கத்தைத் தேடுவார்கள். முதன்முறை பார்க்கிறவர்களுக்கு இவன் ஏன் வழி தவறிப் போகிறான் என்று தோன்றும். ட்ராக் ஓரக் கட்டான கர்பில் அடித்த சிவப்பு வெள்ளைப் பெயின்டைத் தொடவே கூடாது. ரொம்ப நாள் வெயிலுக்குப் பிறகு விழுகிற முதல் தூறலின் முதல் அரைமணி நேரம் எல்லாவற்றையும்விட மோசம். தூசியும் ஆயிலும் தண்ணீரோடு சேர்ந்து குழம்பாகி நிற்கும். நன்றாகப் பெய்து கழுவிவிட்டால் பிறகு தேவலை. தேங்கிய தண்ணீரில் டயர் மிதக்குமே என்று கேட்பார்கள். பைக் டயரின் அடிப்பாகம் உருண்டையாகவும் ஒடுங்கியும் இருப்பதால் கார் டயரைப் போலச் சுலபமாக மிதக்காது, தண்ணீரைப் பிளந்துகொண்டு போய்விடும். அதுவும் எங்கள் வேகத்துக்கு! எனக்குக் குட்டையைவிடப் பெயின்ட்தான் பயம்.

வண்டியைத் தயார் செய்வதில் பட்டறை அண்ணனுக்குத் தனிக் குஷி. மழை என்று தெரிந்துவிட்டால் அவர் ஒரு டப்பா சிலிக்கான் கிரீஸோடு உட்கார்ந்துவிடுவார். பிளக் கேப், காயில் ஒயர், ஒவ்வொரு கனெக்டரும் அதில் குளிக்கும். கார்புரேட்டரின் மூச்சுக் குழாய்களைத் தண்ணீர் தெறிக்காத உயரத்துக்கு ஏற்றிக் கட்டுவார். அந்தக் குழாய் அடைத்தால் பெட்ரோல் இறங்காது, வண்டி நேர்ரோட்டில் விக்கி நிற்கும், காரணம் லேசில் பிடிபடாது. முன் ஃபோர்க்கையும் பின் ஷாக்கையும் கொஞ்சம் இளக்கிவிடுவார். பிடிப்பு குறைந்த தரையில் விறைப்பாக இருக்கிற வண்டி எதையும் முன்கூட்டிச் சொல்லாது, திடீரென்று விட்டுவிடும். டயர் காற்றை ஏற்றுவதா இறக்குவதா என்பதில் மட்டும் பேடக் முழுக்கச் சண்டை. ஏற்றினால் பள்ளங்கள் விரிந்து தண்ணீரைத் தள்ளும் என்று ஒரு கட்சி. இறக்கினால் டயர் நெளிந்து சூடு பிடிக்கும் என்று இன்னொரு கட்சி. அண்ணன் ரெண்டு கட்சியிலும் இருந்திருக்கிறார். மழை டயரா ரோட்டு டயரா என்பதைப் பொறுத்து ரெண்டுமே சரியாக இருக்கலாம். அதை ஒத்துக்கொள்கிற ஆளைத்தான் நான் இன்னும் பார்க்கவில்லை.

"ஏனுங்ணா, ஜெட் மாத்தோணுமா?" என்று, கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கிற அந்தச் சின்னத் துளையைப் பற்றி நான் கேட்டபோது அவர் சொன்னார்: "மாத்தாம? குளுந்த காத்து கனமா உள்ள போகுந் தம்பி. அதுக்கேத்த பெட்ரோலு வேணுமல்லொ?"

கணக்கும் அதையேதான் சொல்கிறது. 35 டிகிரிக் காற்றைவிட 20 டிகிரிக் காற்று 5 சதவீதம் அடர்த்தி. அவ்வளவு கூடுதல் ஆக்ஸிஜன் சிலிண்டருக்குள் போகிறது. ஈரப்பதத்தில் கொஞ்சம் கழிந்துபோகும், போனாலும் லாபம்தான். அதனால்தான் சித்திரை வெயிலில் இருமுகிற வண்டி கார்த்திகையில் உற்சாகமாக ஓடுகிறது. இப்போதைய ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் சென்சார் பார்த்துக் கம்ப்யூட்டரே பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். 2008இல் யமஹா ஆர்15 வந்தபோது அந்த வேலையோடு ரேடியேட்டரும் சேர்ந்து வந்தது, சின்ன வண்டி ரேஸின் முகமே மாறிப்போனது. மழைக் குளிரில் அந்த ரேடியேட்டரில் பாதியை டேப் போட்டு மூடிவிடுகிறவர்களும் உண்டு. இன்ஜின் சூடே ஏறவில்லை என்றால் அதுவும் ஆபத்துதான்.

டூ ஸ்ட்ரோக்கில் இருந்தது வேறு மாதிரியான பயம். அண்ணன் வளர்ந்தது யமஹா ஆர்எக்ஸ்100 காலத்தில். 98 சிசி, 11 குதிரை, 1985இல் வந்து 1996வரை ஓடிய வண்டி. இன்றைக்கும் பொள்ளாச்சி ரோட்டில் அந்தச் சத்தம் கேட்டால் ஐம்பது வயசுக்காரர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். காற்றில் குளிரும் டூ ஸ்ட்ரோக் இன்ஜினைச் சூடாக்காமல் முறுக்கினால் உள்ளே இருக்கிற அலுமினியப் பிஸ்டன் சட்டென்று விரிந்துவிடும், வெளியே இருக்கிற சிலிண்டர் குளிரிலும் தண்ணீர்த் தெறிப்பிலும் விரியாமலே நிற்கும். பிஸ்டன் கடித்துக்கொண்டு பின் சக்கரம் பூட்டிவிடும். அதற்காக அந்தக் காலத்து ஆட்கள் இடது கையின் ரெண்டு விரலைக் கிளட்சின் மேலேயே வைத்து ஓட்டினார்கள். அண்ணன் இன்றைக்கு ஸ்கூட்டர் ஓட்டும்போதும் அந்த விரல்கள் அப்படித்தான் இருக்கின்றன, அங்கே கிளட்ச் இல்லை என்றாலும்.

சைலன்சரும் கூட மழையில் பேச்சை மாற்றிக்கொள்ளும். டூ ஸ்ட்ரோக் ரேஸ் வண்டியின் வயிறு பெருத்த சைலன்சர், வெளியே போகிற வாயுவின் அழுத்த அலையைத் திருப்பி அனுப்பி, தப்பி ஓடப் பார்க்கிற பெட்ரோல் கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ளுகிறது. அந்த அலை சரியான நேரத்துக்குத் திரும்புவது வாயுவின் சூட்டைப் பொறுத்தது. தண்ணீர் தெறித்துத் தகடு குளிர்ந்தால் உள்ளே அலை மெதுவாகப் போகும், பவர் வருகிற ஆர்பிஎம் கீழே இறங்கிவிடும். இந்த வித்தையைக் கிழக்கு ஜெர்மனியில் எம்இசட் கம்பெனியில் வால்டர் காடன் என்பவர் ஐம்பதுகளில் செதுக்கினார். அவரிடம் ஓட்டிக்கொண்டிருந்த எர்ன்ஸ்ட் டெக்னர் 1961இல் ஸ்வீடன் ரேஸுக்குப் போன இடத்தில் தப்பி, அந்த ரகசியத்தோடு சுஸுகியில் சேர்ந்தார். அடுத்த வருஷம் 50 சிசிக்கு முதன்முதலாக உலகப் போட்டி வைத்தார்கள், அதை ஜெயித்தவரும் அவரே. அந்தப் பத்தாண்டின் கடைசியில் சுஸுகியின் 50 சிசி வண்டிக்கு 14 கியர் இருந்தது. பவர் வருகிற இடம் அவ்வளவு ஒடுக்கம். மழையில் அந்த ஒடுக்கமான பவர் திடீரென்று வந்து பின் டயரை உதைத்துத் தள்ளும். பதினாலு கியரோடு நனைந்த ஐரோப்பிய ரோட்டில் அவர்கள் எப்படிச் சமாளித்தார்களோ. அதை நினைத்தால் எங்கள் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகள் பசு.

சந்தர்ப்பம் கிடைக்கும்போது நான் மார்ஷலாகவும் நிற்பதுண்டு. மழையில் ட்ராக் ஓரம் கொடியோடு நிற்பதில் ஒரு லாபம் இருக்கிறது. யார் எங்கே திருகுகிறார், எங்கே பயப்படுகிறார் என்று காதிலேயே கேட்கும். பன்னாட்டு மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பின் விதியில் மழைக்கென்றே தனிக் கொடி உண்டு, வெள்ளையில் குறுக்காகச் சிவப்புப் பெருக்கல் குறி. இந்தப் பகுதியில் தூறல் விழுகிறது என்று அர்த்தம். மஞ்சளில் சிவப்புப் பட்டை போட்ட கொடி, ஆயிலோ மண்ணோ வேறு எதனாலோ தரை வழுக்குகிறது என்பதற்கு. ரெண்டையும் சேர்த்துக் காட்டினால் மழை வலுத்துவிட்டது. கார் ரேஸுக்கு இப்படித் தூறல் கொடி கிடையாது. நாலு சக்கரக்காரனுக்குத் தூறல் ஒரு செய்தி இல்லை.

ஒரு ஐப்பசி மத்தியானம் அப்படி நின்றபோது பார்த்தது. காற்றில் குளிரும் பழைய வண்டி, ஃபேரிங் என்கிற வெளி உறை ரெண்டு இடத்தில் டேப் போட்டு ஒட்டியது. ஓட்டியது திருப்பூர்ப் பக்கத்துப் பையன். காலையில் காய்ந்த தரையில் கடைசி வரிசையில் இருந்தவன். மழை பிடித்த பிறகு ஒவ்வொரு சுற்றிலும் என் மூலைக்கு ஒரு இடம் முன்னேறி வந்தான். மற்றவர்கள் உள்பக்கத் தடத்தில் ஒட்டிக்கொண்டு, பயந்து பயந்து, வண்டியை நேராக நிறுத்தித் திருப்பிக்கொண்டிருந்தார்கள். அவன் அகலமாக வெளியே சுற்றி வந்தான், அவனுடைய இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி இறங்காமல் ஒரே சீராக இருந்தது. வண்டி கீழே போடாமல் முடித்தான். மேடை ஏறவில்லை, நாலாவதோ ஐந்தாவதோ. பிறகு டீக்கடையில் எப்படிப் பழகினாய் தம்பி என்று கேட்டேன். "சாய ஆலைக்கு டெலிவரி ஓட்டறனுங்ணா. அங்க ரோடு எப்பவுமே ஈரந்தானுங்க" என்றான்.

இதைப் படித்துவிட்டு யாரும் மழையில் வால்பாறை ரோட்டுக்குக் கிளம்பிவிட வேண்டாம். ஆழியாறில் இருந்து ஏறினால் 40 கொண்டை ஊசி, ஊட்டியில் இருந்து கல்லட்டி இறங்கினால் 36. ஞாயிற்றுக்கிழமை அங்கே முழங்கால் தேய்க்கப் போகிறவர்களின் வீடியோக்கள் எனக்கும் வருகின்றன. எதிரே அரசு பஸ் வரும், வரையாடு நிற்கும், இலைச் சருகு அழுகிக் கிடக்கும். விழுந்தால் தூக்க மார்ஷலும் இல்லை, ஆம்புலன்ஸும் இல்லை. சொந்த வண்டியை ட்ராக்கில் ஓட்டிப் பார்க்க விடுகிற ட்ராக் டேக்குக் கட்டணம் அதிகம் என்கிறார்கள். கை எலும்புக்குத் தகடு வைக்க எவ்வளவு என்று ஆஸ்பத்திரியில் கேட்டுப் பாருங்கள். நம் ஊர் ரேஸ்காரர்களோடு எனக்கு இருக்கிற ஒரே பெரிய பிணக்கு இதுதான்.

இன்னொரு பிணக்கு உண்டு, சின்னது. சில பயிற்சி முகாம்களில் தூறல் விழுந்ததும் நிகழ்ச்சியை நிறுத்தி எல்லோரையும் ஷெட்டுக்குள் உட்கார வைத்துவிடுகிறார்கள். இடி மின்னல் என்றால் சரி. வெறும் ஈரம் என்றால் அதுதானே பாடம்? புதுப் பையன்களை மெதுவான வேகத்தில், ஒருவருக்கொருவர் தள்ளி, நனைந்த தரையில் பிரேக் பிடித்துப் பார்க்க விடலாம். அவர்கள் நாளைக்கு அவிநாசி ரோட்டில் மழையில் வீட்டுக்குப் போகத்தான் போகிறார்கள்.

மழை ரேஸ் கொடி விழுந்ததோடு முடிவதில்லை. வண்டியை அப்படியே கவர் போட்டு மூடி மினி லாரியில் ஏற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். செயினை அன்றைக்கே துடைத்து ஆயில் விட வேண்டும், மறுநாள் பார்த்தால் செம்பழுப்பாக இருக்கும். கார்புரேட்டர் வண்டி என்றால் அடிக் கிண்ணத்தைத் திறந்து தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பிரேக் பேடைக் கழற்றி மண்ணைத் தட்டுங்கள். சக்கர பேரிங்கைச் சுற்றிப் பாருங்கள், சொரசொர என்றால் உள்ளே தண்ணீர் போய்விட்டது, மாற்றிவிடுங்கள், பெரிய விலை இல்லை. ஏர் ஃபில்டரை உதறிக் காயப்போடுங்கள். சூட்டை ஹேங்கரில் தொங்கவிட்டுச் செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணியுங்கள், பூட்ஸுக்குள்ளும்தான். கிளவுஸை மட்டும் வெயிலில் போடாதீர்கள், தோல் விறைத்துவிடும். ஃபேன் காற்றில் போடுங்கள், ரெண்டு நாள் ஆனாலும் ஆகட்டும்.